விமானக் கூப்பன் வாங்கலாமா? தள்ளுபடி லாபமா, நஷ்டமா?

தீபாவளி போனஸ் கைக்கு வந்த நேரம். மீஞ்சூரில் ஒரு வீடு. அப்பாவுக்கு அத்திப்பட்டு அனல் மின் நிலையத்தில் வேலை. மகளை மும்பையில் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். அடுத்த ஆண்டு பேரனுக்குக் காது குத்து. குடும்பத்தோடு போக வேண்டும்.

அப்போது ஒரு விளம்பரம் கண்ணில் படுகிறது.

"10 ஆயிரம் ரூபாய் விமானக் கூப்பன், 8 ஆயிரம் ரூபாய்க்கு! ஒரு வருடத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் பறக்கலாம்!"

"என்னங்க, நாலு கூப்பன் வாங்கிப் போட்டுடலாமா? சுளையா 8 ஆயிரம் மிச்சமாகுமே!" என்கிறார் அம்மா.

"பணம் நம்ம பணம். விமானம் அவங்க விமானம். யோசிச்சுத்தான் செய்யணும்" என்கிறார் அப்பா.

இப்படி ஒரு பேச்சு உங்கள் வீட்டிலும் நடக்கலாம். விமானப் பயணம் இப்போது பணக்காரர்களின் சமாசாரம் மட்டும் அல்ல. விம்கோ நகரில் மெட்ரோ ரெயில் ஏறினால் நேராக விமான நிலையத்தில் இறங்கலாம். ஆகவே இந்தக் கேள்வி நமக்கும் உரியதுதான்.

அம்மா சொல்வது சரியா? அப்பா சொல்வது சரியா? பார்ப்போம்.

சீசன் டிக்கெட் வேறு, கூப்பன் வேறு

முன்பணம் கட்டிப் பயணம் செய்வது மீஞ்சூர்க்காரர்களுக்குப் புதிது அல்ல. ஸ்டேஷனில் மாதா மாதம் சீசன் டிக்கெட் எடுக்கிறோம். ஒரு மாதப் பயணத்துக்கு முதல் நாளே பணம் கொடுத்து விடுகிறோம். அதற்கு யாரும் பயப்படுவது இல்லை. ஏன்?

ரெயில்வே சர்க்காருடையது. திடீரென்று ஒரு நாள் கடையைப் பூட்டிக்கொண்டு போய்விடாது. எந்த ஊரில் இருந்து எந்த ஊருக்கு, எத்தனை நாளைக்கு என்பது சீசன் டிக்கெட்டிலேயே இருக்கிறது.

விமானக் கூப்பன் அப்படி அல்ல. அதில் எந்த விமானம், எந்தத் தேதி, எந்த இருக்கை என்று எதுவும் இருக்காது. "இவ்வளவு ரூபாய்க்கு நாங்கள் பொறுப்பு" என்ற வாக்கு மட்டுமே இருக்கும்.

ஆகவே, கூப்பன் என்பது டிக்கெட் அல்ல. நீங்கள் கம்பெனிக்குக் கொடுத்த கைமாற்று! அதற்கு அவர்கள் கொடுக்கும் வட்டிதான் தள்ளுபடி.

கம்பெனிக்கு என்ன லாபம்?

"சும்மா யாராவது 2 ஆயிரம் ரூபாயை விட்டுக் கொடுப்பார்களா?" என்று கேட்கலாம். நல்ல கேள்வி.

விமானக் கம்பெனிக்குச் செலவு அதிகம். எரிபொருளுக்குப் பணம் கட்ட வேண்டும். விமானங்களில் பெரும்பாலானவை வாடகைக்கு எடுத்தவை. அந்த வாடகையைக் கொடுக்க வேண்டும். விமான நிலையக் கட்டணம், சம்பளம் எல்லாம் உண்டு. கையில் ரொக்கம் இல்லாவிட்டால் விமானம் தரையை விட்டு எழும்பாது.

வங்கியில் கடன் கேட்டால் வட்டி கேட்பார்கள். ஈடு கேட்பார்கள். கணக்குப் புத்தகத்தைக் கேட்பார்கள். பொதுமக்கள் ஒன்றும் கேட்பது இல்லை. தள்ளுபடி என்றால் பணத்தைக் கொடுத்து விடுகிறார்கள்.

அமெரிக்காவிலும் இது நடந்தது. 1981-ம் ஆண்டில் "அமெரிக்கன் ஏர்லைன்ஸ்" என்ற பெரிய கம்பெனி, வாழ்நாள் முழுவதும் முதல் வகுப்பில் பறக்கும் பாஸ் ஒன்றை விற்றது. விலை 2½ லட்சம் டாலர். அப்போது அந்த நாட்டில் வங்கி வட்டி உச்சத்தில் இருந்தது. ஆகவே பயணிகளிடமே பணம் திரட்டினார்கள்.

இதைத் தவறு என்று சொல்ல முடியாது. நல்ல நிலையில் உள்ள கம்பெனியும் கூப்பன் விற்பது உண்டு. ஆனால், பணம் கொடுப்பவர் தாம் கடன் கொடுக்கிறோம் என்பதை உணர வேண்டும்.

நின்று போன மூன்று கம்பெனிகள்

"பெரிய கம்பெனி ஆயிற்றே, ஓடியா போய்விடும்?" என்று சிலர் நினைக்கலாம். நம் நாட்டில் நடந்ததைப் பாருங்கள்.

கிங்பிஷர்: 2005-ல் ஆடம்பரமாகத் தொடங்கியது. 2012 அக்டோபரில் பறப்பதை நிறுத்தியது. பிறகு எழுந்திருக்கவே இல்லை.

ஜெட் ஏர்வேஸ்: 1993-ல் தொடங்கியது. கால் நூற்றாண்டு பறந்தது. 2019 ஏப்ரல் 17-ந் தேதியோடு அதன் பயணம் முடிந்தது. "மறுபடி பறக்கும்" என்று ஆண்டுக்கணக்கில் பேச்சு நடந்தது. கடைசியில் 2024 நவம்பர் 7-ந் தேதி, சொத்துகளை விற்றுக் கணக்கு முடிக்கும்படி சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது.

கோ பர்ஸ்ட்: பிரிட்டானியா பிஸ்கட், பம்பாய் டையிங் துணி ஆகியவற்றை நடத்தும் வாடியா குழுமத்தின் கம்பெனி இது. 2023 மே 2-ந் தேதி தானாகவே மஞ்சள் கடுதாசி கொடுத்தது. மறுநாள் முதல் விமானங்கள் நின்றன. "என்ஜின்கள் பழுது. விமானங்களில் பாதி தரையில் நிற்கின்றன" என்று காரணம் கூறியது. 2025 ஜனவரியில் இதன் கதையும் முடிந்தது.

கோ பர்ஸ்ட் நின்றபோது கோடை விடுமுறைக் காலம். டிக்கெட் எடுத்து வைத்திருந்த குடும்பங்கள் வேறு விமானத்தில் மறுபடியும் பணம் கட்ட வேண்டி வந்தது. கட்டணமும் கூடிவிட்டது. ஒரே பயணத்துக்கு இரண்டு செலவு!

வரிசையில் கடைசி ஆள்

கம்பெனி திவால் ஆனால் நம் பணம் என்ன ஆகும்? இதுதான் முக்கியமான விஷயம்.

2016-ம் ஆண்டின் திவால் சட்டப்படி வழக்கு ஏற்கப்பட்டதும் ஒரு தடைக்காலம் தொடங்குகிறது. கம்பெனி மீது யாரும் பணம் கேட்டுத் தனி வழக்கு நடத்த முடியாது. "எனக்கு இவ்வளவு பாக்கி" என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.

பிறகு சொத்துகளை விற்றால் யாருக்கு முதலில் பணம்? வழக்கு நடத்திய செலவு முதலில் போகும். அடுத்து, தொழிலாளர்களின் சம்பள பாக்கியும், ஈடு வாங்கிக் கடன் கொடுத்த வங்கிகளும். பிறகு மற்ற ஊழியர்கள். பிறகு ஈடு இல்லாமல் கடன் கொடுத்தவர்கள். பிறகு சர்க்கார் வரி பாக்கி. இவ்வளவுக்கும் பிறகுதான் மற்றவர்கள். கூப்பன் வாங்கியவர் அந்த "மற்றவர்களில்" ஒருவர்.

வாடகை விமானத்தை விற்று நமக்குப் பணம் தருவார்கள் என்றும் எண்ண வேண்டாம். அது வேறு ஒருவருடைய சொத்து!

வங்கியில் பணம் போட்டால் 5 லட்சம் ரூபாய் வரை இன்ஷுரன்ஸ் இருக்கிறது. விமானக் கூப்பனுக்கு அப்படி எதுவும் இல்லை.

கொரோனா கற்பித்த பாடம்

கம்பெனி திவால் ஆகாமலே பணம் முடங்குவதும் உண்டு. 2020 மார்ச் 25-ந் தேதி உள்நாட்டு விமானங்கள் நின்றன. மே 25-ந் தேதிதான் மறுபடி பறந்தன. டிக்கெட் பணத்தைக் கேட்டவர்களுக்குப் பல கம்பெனிகள் ரொக்கம் கொடுக்கவில்லை. "உங்கள் பணத்தை வரவு வைத்திருக்கிறோம். பிறகு பயணம் செய்யுங்கள்" என்றன. அதாவது, கேட்காமலேயே கூப்பன் கொடுத்தன!

வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. 2020 அக்டோபர் 1-ந் தேதி தீர்ப்பு வந்தது. பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். உடனே கொடுக்க முடியாத கம்பெனிகள் 2021 மார்ச் 31 வரை வரவு வைக்கலாம். அதற்கு மாதா மாதம் ஒரு சிறு தொகை கூட்டித் தர வேண்டும். அதற்குள் பயணம் செய்யாதவருக்குப் பணத்தையே தர வேண்டும் என்று கோர்ட்டு கூறியது.

இதில் ஒன்றை நினைவில் வையுங்கள். ரத்தான டிக்கெட்டின் பணத்தைக் கூப்பனாக வரவு வைப்பது பயணியின் விருப்பம். கம்பெனி தானாக அப்படிச் செய்யக் கூடாது. விமானத்துறை விதியே அப்படித்தான் சொல்கிறது. "பணமாகத் தாருங்கள்" என்று தைரியமாகக் கேளுங்கள்.

கணக்குப் போடுவோம்

இப்போது மீஞ்சூர் வீட்டுக் கணக்குக்கு வருவோம்.

ஒரு கூப்பனில் லாபம் 2 ஆயிரம். கம்பெனி நின்று போனால் நஷ்டம் 8 ஆயிரம். ஒரு முறை ஏமாந்தால் நான்கு முறை பெற்ற லாபமும் போய்விடும்.

நான்கு கூப்பனுக்கு 32 ஆயிரம். அதை வங்கியில் ஒரு வருடம் போட்டு, நூற்றுக்கு 6 ரூபாய் வட்டி என்று வைத்துக்கொண்டால் 1,920 ரூபாய் கிடைக்கும். அதைக் கழித்தால், வருடக் கடைசியில் பயணம் செய்பவருக்கு 8 ஆயிரம் லாபம் 6 ஆயிரமாகச் சுருங்கிவிடும்.

இன்னொன்று. கூப்பன் கட்டணத்தைக் கட்டிப்போடாது. விடுமுறைக் காலத்தில் டிக்கெட் விலை ஏறினால் தள்ளுபடி அதிலேயே கரைந்துவிடும். வேறு கம்பெனியில் விலை குறைந்தாலும் அங்கே போக முடியாது. கெடு தாண்டினால் கூப்பன் வெறும் காகிதம்!

வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால்

1. பயணத் தேதி தெரிந்த பிறகு வாங்குங்கள். இன்று வாங்கி அடுத்த மாதம் பறந்தால் ஆபத்து குறைவு. ஒரு வருடம் பூட்டி வைத்தால் ஆபத்து அதிகம்.

2. செய்திகளைக் கவனியுங்கள். சம்பள பாக்கி, தரையில் நிற்கும் விமானங்கள், அடிக்கடி ரத்து, இவை கெட்ட அறிகுறிகள். அந்த நேரத்தில் பெரிய தள்ளுபடி வந்தால் விலகி நில்லுங்கள்.

3. கெடு எப்போது, பண்டிகை நாளில் செல்லுமா, வரியும் அதில் சேருமா, மீதித் தொகை திரும்புமா என்று படித்துப் பாருங்கள். படிக்கத் தெரிந்த பிள்ளையை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.

4. கம்பெனியிடமே நேரில் வாங்குங்கள். போனில் வரும் முகம் தெரியாத ஆசாமியின் மலிவு விலைக்கு மயங்க வேண்டாம்.

5. கிரெடிட் கார்டில் கட்டினால், பயணம் கிடைக்காதபோது வங்கியிடம் முறையிட ஒரு வழி இருக்கிறது. ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். ஏமாற்றம் என்றால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள்.

6. எல்லாவற்றுக்கும் மேலாக, போனால் தாங்கக் கூடிய தொகைக்கு மட்டும் வாங்குங்கள்.

அம்மா சொன்ன முடிவு

மீஞ்சூர் வீட்டில் அப்பா இந்தக் கணக்கை ஒரு காகிதத்தில் போட்டுக் காட்டுகிறார். அம்மா கொஞ்ச நேரம் பார்க்கிறார்.

"அவங்க மொதல்ல காது குத்துக்குத் தேதி குறிக்கட்டும். அப்புறம் டிக்கெட்டாவே எடுத்துக்கலாம். அதுவரைக்கும் பணம் வங்கியில கிடக்கட்டும்" என்கிறார்.

சரியான முடிவு. தள்ளுபடி இன்று போனால் நாளை இன்னொன்று வரும். போனஸ் வருடத்துக்கு ஒரு முறைதான் வரும்!