பிரிவுப் பரிசு

கத்தோலிக்கரான டோல்கீன் எழுதிய 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' பெருங்கதையின் முதற் பாகம் 1954இல் வெளிவந்தது. அதில் கலாட்ரியல் பெருமாட்டி, விடைபெறும் பயணிகளுக்குப் பரிசளிக்கிறாள். பிரோடோவுக்கு இருளில் ஒளிரும் குப்பி. தோட்டக்காரன் சாமுக்குத் தன் சோலை மண் நிறைந்த சிறு பெட்டி.

ஆபத்தில் குப்பி கைகொடுத்தது. மண்ணோ வழியில் எதற்கும் உதவவில்லை. ஆயினும் மண்ணே மேலான பரிசு என்பேன். சாம் திரும்பியபோது ஊர் மரங்கள் வெட்டுண்டு கிடந்தன. தன் தோட்டத்துக்கு மட்டும் என வைத்துக்கொள்ளாமல், ஊரெங்கும் கன்றுகள் நட்டு, ஒவ்வொன்றின் வேரிலும் அம்மண்ணில் சிறிது இட்டான். ஊர் மீண்டும் தளிர்த்தது.

பள்ளியைப் பிரியும் தோழியரே! பிரிவுபசார விழாவில் பெறும் பேனாவும் படமும் நினைவுக்காக. அருட்சகோதரிகள் தந்த கல்வியோ அந்த மண் போன்றது. பூட்டி வைத்தால் வெறும் மண். பிறருக்காகத் தூவினால்தான் சோலை.