முதுகில் கம்பி இருக்கிறது, கையில் கடதாசி இல்லை



சம்பூர், மூதூர், தோப்பூர், கிளிவெட்டி உறவுகளே, இது கொஞ்சம் நீளமான பதிவு. சின்ன வயதில் முள்ளந்தண்டு வளைவுக்கு ஒப்பரேஷன் செய்த ஒருவர் உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இருந்தால் கடைசிவரை வாசியுங்கள். நாங்கள் ஆசிரியர்கள், வைத்தியர்கள் அல்ல. ஆனால் எங்களிடம் படித்த ஒரு பிள்ளையோடு இரண்டு வருடம் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்ததில் படித்த பாடத்தை எங்களோடு மட்டும் வைத்திருக்க மனம் வரவில்லை.

அந்தப் பிள்ளை சம்பூர். யுத்த நிறுத்த காலத்தில், பதினான்கு வயதில், கொழும்பில் முதுகில் கம்பி வைத்தார்கள். நன்றாக நிமிர்ந்து நடந்தாள். பிறகு கிளினிக் நின்றுபோனது. 2006 இல் ஊரே இடம்பெயர்ந்தது. உடுத்த உடுப்போடு ஓடியவர்கள் அலுமாரியில் இருந்த டயக்னோசிஸ் கார்டையா தூக்கிக்கொண்டு ஓடுவார்கள்? முகாம் வாழ்க்கை முடிந்து 2015, 2016 இல் காணிக்குத் திரும்பியபோது அலுமாரியும் இல்லை, வீடும் இல்லை.

இப்போது அவள் இரண்டு பிள்ளைகளின் தாய். இடுப்பில் நோவு, காலில் விறைப்பு, கொஞ்சநேரம் நின்றால் உடம்பு முன்னுக்குச் சாய்கிறது. ஓரிடத்தில் நோவு மாத்திரை. இன்னோரிடத்தில் படுக்க வைத்து எடுத்த ஒரு எக்ஸ்ரேயைப் பார்த்து, "கம்பி நல்லாத்தானே இருக்கு" என்ற பதில். கடைசியில் ஒரு நிபுணர்தான் சரியான கேள்வியைக் கேட்டார்: "எந்த எலும்பிலிருந்து எந்த எலும்பு வரை பூட்டியிருக்கிறார்கள்? கம்பி என்ன உலோகம்? ஒப்பரேஷன் குறிப்பு எங்கே?" எங்களிடம் ஒன்றுமே இல்லை.

எங்கள் கருத்து இதுதான். இந்த நாட்டில் வைத்தியர் இல்லாமல் நாம் தவிக்கவில்லை. பிழையான வாசலைத் தட்டுகிறோம், அதையும் வெறுங்கையோடு தட்டுகிறோம்.

முதலில் விஷயத்தை விளங்கிக்கொள்வோம். ஸ்கோலியோசிஸ் ஒப்பரேஷனில் வளைந்த பகுதியின் எலும்புகளைக் கம்பியால் பிடித்து, ஒரே எலும்பாக ஒட்ட வைக்கிறார்கள். ஒட்டிய பகுதி பிறகு அசையாது. குனிவது, திரும்புவது, சுமப்பது எல்லாம் அதற்குக் கீழே மிச்சமிருக்கும் சில மூட்டுகளின் தலையில்தான் விழும். இருபது, முப்பது வருடம் போனால் அந்த டிஸ்க்குகள் தேயலாம். எலும்பு சரியாக ஒட்டாத இடத்தில் கம்பி உடையலாம். 1950களில் அமெரிக்க வைத்தியர் பால் ஹரிங்டன் கொண்டுவந்த பழைய வகைக் கம்பிகள் இடுப்பின் இயற்கையான உள்வளைவைத் தட்டையாக்கிவிடுவதும் உண்டு. அப்படியானவர்கள் நிமிர்ந்து நிற்க முழங்காலை மடிக்க வேண்டியிருக்கும். எல்லா நோவும் கம்பியால் வருவதும் இல்லை. இடுப்பு மூட்டாலும் தசையாலும் வரலாம். எதனால் என்று பிரித்துச் சொல்லத்தான் அனுபவம் தேவை.

அதனால் "முதுகு டொக்டர்" என்று பொதுவாகக் கேட்டுப் போவது போதாது. நம் நாட்டில் முள்ளந்தண்டை எலும்பியல் சத்திர சிகிச்சை நிபுணர்களும் பார்க்கிறார்கள், நரம்பியல் சத்திர சிகிச்சை நிபுணர்களும் பார்க்கிறார்கள். இரண்டு பக்கமும் கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள். நாம் தேட வேண்டியவர், வளர்ந்தவர்களின் முள்ளந்தண்டு வளைவையும் முன்பு கம்பி வைத்த முதுகையும் திரும்பப் பார்த்துப் பழகியவர். இதை அவரிடமே மரியாதையாகக் கேட்கலாம்: "சேர், இப்படியான ஆக்களை நீங்கள் பார்ப்பதுண்டா? இல்லாவிட்டால் யாரிடம் போகச் சொல்வீர்கள்?" நல்ல வைத்தியர் இதற்குக் கோபப்பட மாட்டார்.

வழி இதுதான். மூதூர் ஆதார வைத்தியசாலையிலோ திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையிலோ காட்டி, "பழைய ஸ்கோலியோசிஸ் ஒப்பரேஷன், புதிய நோவு" என்று தெளிவாக எழுதிய கடிதத்தோடு கொழும்பு அல்லது கண்டி தேசிய வைத்தியசாலைக்குப் போவது. அவசரத்துக்கு ஒருமுறை சனல் பண்ணிக் காட்டினாலும், அதே நிபுணரிடம் அவருடைய அரச கிளினிக் நாளைக் கேட்டு வையுங்கள். எல்லா முறையும் காசு கொடுக்கத் தேவையில்லை. உடற்பயிற்சிச் சிகிச்சைக்கு ராகமையில் புனர்வாழ்வு வைத்தியசாலை இருக்கிறது.

இந்தியா போக நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையிலும் வேலூர் சி.எம்.சி.யிலும் முள்ளந்தண்டுக்கென்று தனிப் பிரிவே உண்டு. ஆனால் காணியை ஈடு வைத்துவிட்டு விமானம் ஏறாதீர்கள். முதலில் இங்கே ஒருவரிடம் முழுமையாகக் காட்டுங்கள். 1966 இல் தொடங்கிய ஸ்கோலியோசிஸ் ரிசேர்ச் சொசைட்டி என்ற சர்வதேச வைத்தியர் சங்கம், தன் உறுப்பினர்களை நாடு வாரியாகத் தேடிப் பார்க்க வசதி செய்திருக்கிறது. இங்கிலீஷ் தெரிந்த பிள்ளைகள் பெற்றோருக்குத் தேடிக்கொடுங்கள்.

போகும்போது கையில் இருக்க வேண்டியவை:

ஒன்று, ஒப்பரேஷன் குறிப்பு. தொலைந்திருந்தால் அன்றைய ஆஸ்பத்திரியின் பதிவேட்டுப் பிரிவில் பெயர், வருடம், வார்டு சொல்லிக் கேளுங்கள். கிடைக்காவிட்டாலும் மனம் உடைய வேண்டாம். எக்ஸ்ரேயையும் சி.டி. ஸ்கேனையும் வைத்து அனுபவமுள்ள நிபுணர் நிறையக் கண்டுபிடிப்பார்.

இரண்டு, நின்றபடி முன்னாலும் பக்கவாட்டிலும் எடுத்த முழு முள்ளந்தண்டு எக்ஸ்ரே. படுத்து எடுத்த துண்டுப் படத்தில் உடம்பு சாய்வது தெரியாது.

மூன்று, பழைய படங்கள் எல்லாம். ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டால்தான் வளைவு கூடியதா என்று தெரியும்.

நான்கு, எம்.ஆர்.ஐ. எழுதினால் கம்பி இருப்பதை முதலே சொல்லுங்கள். கம்பி இருந்தாலும் பெரும்பாலும் எடுக்கலாம், ஆனால் உலோகம் படத்தைக் கலக்கும். டைட்டேனியம் என்றால் கலக்கம் குறைவு.

கர்ப்பிணித் தாய்மார் இதை மயக்க மருந்து வைத்தியரிடம் பிரசவத்துக்கு முன்பே சொல்ல வேண்டும். சிசேரியனுக்கு முதுகில் ஊசி போடுவது இவர்களுக்குக் கஷ்டமாகலாம்.

காலில் திடீரென்று பலம் குறைந்தால், மறைவிடத்தைச் சுற்றி விறைத்தால், சிறுநீர் அடைத்தால் அல்லது கட்டுப்பாடின்றிப் போனால், கிளினிக் நாளுக்குக் காத்திருக்காதீர்கள். அன்றே, அந்த நேரமே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். முறிவு வைத்தியர்களை நாம் மதிக்கிறோம். ஆனால் கம்பி உள்ள முதுகை முறுக்கவும் மிதிக்கவும் யாருக்கும் விடாதீர்கள்.

இனிச் சொல்லப்போவது சிலருக்குக் கசக்கும். எல்லாக் கடதாசியும் யுத்தத்தில் தொலையவில்லை. சிலதை நாமே ஒளித்தோம், சிலதைக் கிழித்தோம். பெண்பிள்ளைக்குக் கலியாணம் பேசும்போது முதுகுத் தழும்பு தெரியக்கூடாது என்ற பயம். பிரித்தானிய இளவரசி யூஜினிக்கு 2002 இல், 12 வயதில் இதே ஒப்பரேஷன் நடந்தது. 2018 இல் தன் கலியாணத்தன்று அவர் அந்தத் தழும்பை மறைக்கவில்லை. நம் பிள்ளைகள் அப்படி உடுக்க வேண்டியதில்லை. ஆனால் மாப்பிள்ளை வீட்டாரிடம் மறைத்த நோயை அந்தப் பிள்ளை வைத்தியரிடமும் மறைக்கப் பழகிவிடுகிறாள். உடம்பு இறைவன் தந்த அமானிதம். அதன் கணக்கைக் கிழித்துப் போட நமக்கு உரிமை இல்லை.

பள்ளி நிர்வாகங்களிடமும் கோயில் சபைகளிடமும் ஒரு வேண்டுகோள். 2009 இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு திருகோணமலை கிட்ட வந்துவிட்டது. ஆனால் அங்கிருந்து கொழும்பு இன்னும் சுமார் 260 கிலோமீற்றர். நோவோடு இருக்கும் ஒரு பெண் தனியாகப் போய், தெரியாத மொழியில் கேள்விக்குப் பதில் சொல்லி வர முடியாது. சிங்களம் தெரிந்த ஒருவரைக் கூட அனுப்புங்கள், பஸ் காசைக் கொடுங்கள். அதுவும் பெரிய உதவிதான்.

சுகாதாரத் துறையினரிடமும் ஒன்று கேட்கிறோம். பிள்ளை வளர்ந்து கிளினிக்கை விடும் நாளில், எந்த எலும்பு வரை, என்ன கம்பி, இனி யாரிடம் காட்டுவது என்று ஒரு அட்டையில் எழுதிக் கொடுங்கள். இருபது வருடம் கழித்து அந்த அட்டைதான் அவளுக்கு வழிகாட்டும்.

எங்கள் பிள்ளைக்கு என்ன நடந்தது என்று கேட்பீர்கள். கம்பிக்குக் கீழே இரண்டு டிஸ்க் தேய்ந்திருக்கிறது. இப்போதைக்கு ஒப்பரேஷன் வேண்டாம், பயிற்சி செய், வருடம் ஒருமுறை வந்து காட்டு என்றார் நிபுணர். நோவு முழுதாகப் போகவில்லை. ஆனால் என்னவென்று தெரிந்த பிறகுதான் நிம்மதியாகத் தூங்குகிறேன் என்கிறாள்.

இன்றைக்கே அலுமாரியைத் திறந்து பாருங்கள். கார்ட் இருந்தால் போனில் படம் எடுத்து இரண்டு பேரிடம் கொடுத்து வையுங்கள். நோயாளிகள் எல்லோருக்காகவும் துஆச் செய்வோம்.