காதின் அளவை யார் கேட்டார்கள்?

தலவாக்கலை நகரின் கைத்தொலைபேசிக் கடை ஏதாவதொன்றில் நுழைந்து, "நல்ல ஹேண்ட்ஸ்ஃப்ரீ ஒன்று வேண்டும்" என்று கேட்டுப் பாருங்கள். எவ்வளவு விலைக்குள் வேண்டும் என்று கேட்பார்கள். என்ன நிறம் என்பார்கள். 'பேஸ்' தூக்கலாக இருக்க வேண்டுமா என்றும் கேட்பார்கள். உங்கள் காது என்ன அளவு என்று மட்டும் ஒருவரும் கேட்க மாட்டார். செருப்பு வாங்கப் போனால் காலை நீட்டச் சொல்கிற வணிக உலகம், தலைக்குள் செருகப்படும் ஒரு பொருளை அளவு பாராமல் விற்கிறது. நாமும் வாய்மூடி வாங்கி வருகிறோம்.

இதே தலவாக்கலையின் சென்கூம்ஸ் தோட்டத்தில்தான் தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1925இல் தோன்றிய நிறுவனம். கொழுந்தின் ஈரமும் மண்ணின் புளிப்பும் அங்கே தசம புள்ளி சுத்தமாக அளக்கப்படுகின்றன. கொழுந்து பறிப்பவளின் பிள்ளைக்கு இயர்போன் விற்கையில் மட்டும் அளவு என்ற சொல்லே எழுவதில்லை.

"இதெல்லாம் ஒரு பிரச்சினையா?" என்று கேட்போர் உண்டு. தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா ஆவதற்கே 2024ஆம் ஆண்டின் பெரும்பகுதி பேச்சுவார்த்தைகளிலும் நீதிமன்றப் படிகளிலும் கழிந்தது. அந்த வீட்டுப் பையன் காதில் எதையோ மாட்டிக்கொண்டு திரிவது ஆடம்பரமல்லவா என்பது அவர்களது வாதம். கேள்வி நியாயம் போலத் தோன்றும். ஆனால் கேட்பவர் எத்தகைய வீட்டில் அமர்ந்து கேட்கிறார் என்பதையும் நாம் பார்க்க வேண்டும். கதவைச் சாத்திக்கொள்ள ஓர் அறை உள்ளவருக்கு இயர்போன் ஆடம்பரமாக இருக்கலாம். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பிராவில் பெற்றோரும் பாட்டியும் மூன்று பிள்ளைகளும் வாழும் லயனில் கதவு எது? பல லயன்களில் நடுச்சுவர் கூரையைத் தொடுவதில்லை. பக்கத்துக் காம்பிராவின் இருமலும் சண்டையும் தொலைக்காட்சித் தொடரும் சுவரைத் தாண்டி வந்து உட்கார்ந்துகொள்ளும். மலையகத்துக்கு இருநூறு ஆண்டு என்று 2023இல் நடைபயணம் போனோம், மலர் வெளியிட்டோம்; லயன்கள் நின்ற இடத்திலேயே நிற்கின்றன. அந்தப் பிள்ளைக்குக் காதுக்குள் செருகும் அந்தச் சிறு ரப்பர் துண்டுதான் கதவு. 2020, 2021இல் பாடசாலைகள் மூடிக்கிடந்தபோது கையகலத் திரையில் பாடம் கேட்ட பிள்ளைகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

எனவே இயர்போன் வேண்டுமா வேண்டாமா என்ற வழக்கை விட்டுவிடுவோம். என் சண்டை வேறு. விற்பவரும் வாங்குபவரும் கண்டிப்பவரும் ஒரே பிழையைச் செய்கிறார்கள்: மூவரும் கருவியைப் பார்க்கிறார்கள், அதன் நுனியில் உள்ள ரப்பரைப் பார்ப்பதில்லை.

காதுக்குள் செருகும் இயர்போனில் ஒலியை ஆக்குவது உள்ளிருக்கும் ஒலிபெருக்கி என்றால், அதைச் செவிப்பறைவரை காத்துக் கொண்டுசேர்ப்பது முனையிலுள்ள ரப்பர். அது காதுக்குழாயின் சுவரோடு காற்றுப் புகாமல் ஒட்டினால்தான் தாழ்ந்த சுருதிகள் உள்ளே தங்கும். நூலளவு இடைவெளி இருந்தாலும் மத்தளமும் தவிலும் தப்பும் கசிந்து வெளியேறிவிடும். மிஞ்சுவது தகரச் சத்தம். நம் பையன் என்ன செய்கிறான்? "பேஸ் இல்லை" என்று ஒலியைக் கூட்டுகிறான். அதுவும் போதாமல், அடுத்த மாதம் 'எக்ஸ்ட்ரா பேஸ்' என்று பெட்டியில் அச்சிட்ட வேறொன்றை வாங்குகிறான். அதன் ரப்பரும் அவன் காதுக்குப் பொருந்தாது. கம்பெனிக்கு இரட்டை வியாபாரம். காதுக்கு இரட்டை நட்டம்.

நட்டம் என்பது உவமையன்று, கணக்கு. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2019இல் வெளியிட்ட நியமத்தின்படி, வளர்ந்த ஒருவர் 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணித்தியாலம் கேட்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 83இல் இருபது மணித்தியாலம், 86இல் பத்து, 89இல் ஐந்து, 92இல் இரண்டரை. தலவாக்கலையிலிருந்து கொழும்புக்கு பஸ்ஸில் ஏறக்குறைய ஐந்து மணித்தியாலப் பயணம். இயந்திர இரைச்சலையும் ஹோர்ன் சத்தத்தையும் சாரதியின் பாட்டையும் மீறிக் கேட்க வேண்டுமென்று 92இல் வைப்பவனுடைய ஒரு வாரத்துப் பங்கீடு, பாதி வழியிலேயே தீர்ந்துபோகிறது. மீதிப் பாதியும், ஞாயிறு மாலைத் திரும்புபயணமும் கடன். இந்தக் கடனை அடைக்க வழியில்லை. உட்செவியின் மயிரணுக்கள் செத்தால் மனிதருக்கு மீண்டும் முளைப்பதில்லை.

இங்கேதான் ரப்பர் வருகிறது. சரியாகப் பொருந்திய முனை, நடுச்சுருதிகளிலும் மேல்சுருதிகளிலும் வெளியிரைச்சலை 20 டெசிபலோ அதற்கு மேலோ குறைத்துவிடும். வெளியே இரைச்சல் குறைந்தால் உள்ளே உரத்துப் பாட வேண்டியதில்லை. "சத்தத்தைக் குறை, சத்தத்தைக் குறை" என்று பெரியவர்கள் ஓயாமல் ஓதுகிறார்கள். பொருந்தாத முனையை மாட்டிக்கொண்டு பஸ்ஸில் இருப்பவனிடம் அதைச் சொல்வது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் நிற்கவில்லை என்று குடத்தைத் திட்டுவதற்கு ஒப்பாகும்.

இந்தக் கருவியின் பூர்வீகத்தை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பிருக்காது. 1991இல் அமெரிக்காவின் எட்டிமோட்டிக் ரிசர்ச் நிறுவனம் ஈஆர்-4 என்ற இயர்போனை வெளியிட்டது. அதன் நிறுவுநர் மீட் கில்லியன் செவிப்புலக் கருவித் துறையில் ஊறியவர். இசைக்கலைஞருக்கான காதடைப்பான்களையும் உருவாக்கியவர். மேடைக் கலைஞர்கள் இன்று காதில் அணியும் 'இன்-இயர் மொனிட்டர்' பிரபலமான கதையும் அத்தகையதே. 1995இல் ஜெரி ஹார்வி என்ற ஒலிப்பொறியாளர், மேடை இரைச்சலால் அவதிப்பட்ட வான் ஹேலன் குழுவின் டிரம் கலைஞருக்காக ஒன்றைச் செய்துகொடுத்தார். அல்டிமேட் இயர்ஸ் நிறுவனம் அதிலிருந்து பிறந்தது. காதைக் காப்பாற்றப் பிறந்த பொருளைக் காதைக் கெடுக்கும் பொருளாக விற்கக் கற்றுக்கொண்டது நம் சந்தையின் சாமர்த்தியம்!

நுரைப்பஞ்சு முனையும் அப்படித்தான். தொழிற்சாலைத் தொழிலாளரின் காதை அடைக்க வந்த பஞ்சின் நெருங்கிய உறவு அது. தொழிற்சாலை என்றதும் நம் தேயிலைத் தொழிற்சாலை நினைவுக்கு வருகிறது. வாட்டிய கொழுந்தை உருட்டும் வேலை பெரும்பாலும் இரவிலும் விடியற்காலையிலும் நடக்கிறது. விசிறிகளும் உருட்டும் இயந்திரங்களும் சல்லடைகளும் மணிக்கணக்காய் இரையும் மண்டபத்தில் நின்றுவிட்டு வரும் இளைஞன், காலையில் பாட்டுக் கேட்டபடி தூங்குகிறான். காது இரண்டு கணக்கு வைப்பதில்லை. இரவின் இரைச்சலையும் காலையின் பாட்டையும் ஒரே பேரேட்டில் எழுதுகிறது. (பத்திரிகை அச்சுக்கூடத்து இயந்திரங்களருகே ஆண்டுக்கணக்கில் நின்றவர்கள், ஓய்வுபெற்ற பின் தொலைபேசியில் கத்திப் பேசுவதைக் கேட்டவன் நான். அங்கேயும் ஒருவருக்கும் பஞ்சு கொடுத்ததில்லை.) வேலைத்தலத்தில் பாட்டோடு இயர்போனை மாட்டிக்கொள்வது பாதுகாப்பாகாது. அங்கே பாட்டில்லாத காதடைப்பான்தான் வேண்டும், அதைக் கொடுப்பது நிர்வாகத்தின் கடமை.

சரி, எதை வாங்குவது? ஒரு நாட்சம்பளத்துக்குள் அடங்கும் கம்பி இயர்போன்கள் சந்தையில் தாராளம். அவற்றில் நடுத்தரமான ஒன்றுக்கு நல்ல முனை பொருத்தினால், பொருந்தா முனையோடு வரும் விலையுயர்ந்ததை அது வெல்லும். பெட்டிக்குள் சிறிது, நடுத்தரம், பெரிது என மூன்று சோடி ரப்பர் இருக்கும். கடையில் மாட்டிவிட்டிருப்பது நடுத்தரம். பெரும்பாலோர் சாகும்வரை அதிலேயே இருப்பார்கள். மூன்றையும் போட்டுப் பாருங்கள். இடக்காதும் வலக்காதும் ஒரே அளவாக இருக்க வேண்டுமென்ற சட்டமில்லை. ஒன்றுக்கு நடுத்தரமும் மற்றதற்குப் பெரிதும் போட்டால் உலகம் சிரிக்காது. மாட்டும்போது மறுகையால் காதுமடலை மேலும் பின்னும் இழுத்துக் குழாயை நேராக்குங்கள். பின்பு தவிலோ டிரம்மோ உள்ள பாட்டொன்றை ஓடவிட்டு, இயர்போனை விரலால் மெல்ல அழுத்துங்கள். அழுத்தியதும் அடிநாதம் திடீரென எழுந்தால், அதுவரை கசிந்திருக்கிறது என்று பொருள். வாயைத் திறந்து மூடும்போது நழுவினால் சிறிது. அரை மணித்தியாலத்தில் வலித்தால் பெரிது. வலியைப் பொறுத்துப் பழகிக்கொள்ளலாம் என்பது பேதைமை.

சிலிக்கன் ரப்பரா, நுரைப்பஞ்சா? சிலிக்கன் கழுவலாம், நெடுநாள் உழைக்கும். நுரைப்பஞ்சு காதின் வடிவுக்குத் தானே வளைந்துகொடுக்கும், இரைச்சலை நன்றாக அடைக்கும், ஆனால் உச்சச் சுருதிகளைச் சற்று மங்கவைக்கும், சில மாதங்களில் பொலிவிழக்கும். மலைநாட்டாருக்கு ஒரு தனிக்குறிப்பு: குளிரில் நுரைப்பஞ்சு விறைத்துப்போகும், விரிவதற்கு நேரம் எடுக்கும். உள்ளங்கையில் சூடாக்கி, உருட்டிச் செருகி, விரியும்வரை விரலால் பிடித்திருங்கள். ஈரக்காற்றுள்ள ஊரில் முனையைக் கழற்றி உலரவைக்காமல் பைக்குள் போடக் கூடாது. ஒரே இயர்போனை அண்ணனும் தங்கையும் மாறிமாறிப் பாவிக்கும் வீடுகளில், ஆளுக்கொரு சோடி ரப்பர் இருக்கட்டும். கருவியைப் பகிரலாம், காது அழுக்கைப் பகிர வேண்டாம். தனியே ரப்பர் வாங்கும்போது இயர்போன் மூக்கின் பருமனைப் பார்த்து வாங்குங்கள், எல்லாம் எல்லாவற்றுக்கும் ஏறாது. இரைச்சல் நீக்கி என்று கூடுதல் விலை சொல்வார்கள். அந்த மின்னணு வித்தையும் முனை கசிந்தால் பாதி வீண்.

ஓர் எதிர்வாதத்தை மறைக்க நான் விரும்பவில்லை. வட்டகொடையிலிருந்து தலவாக்கலைக்கும், தலவாக்கலையிலிருந்து கொட்டகலைக்கும் ரயில்பாதையே பலருக்கு நடைபாதை. காதில் இயர்போனோடு தண்டவாளத்தில் நடந்து மாண்டவர்களின் செய்தியை இந்நாட்டுப் பத்திரிகைகள் எத்தனையோ முறை பிரசுரித்துவிட்டன. நன்றாக அடைக்கும் முனை அங்கே எமன்தான். "வெளிச்சத்தமும் கேட்கட்டும்" என்று தளர்வாக மாட்டிக்கொள்வதோ, ஒரு காதை மட்டும் விடுவதோ தீர்வல்ல. தண்டவாளத்திலும் தெருவிலும் இரண்டையும் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட வேண்டும். காம்பிராவிலும் பஸ் இருக்கையிலும் இறுக மாட்ட வேண்டும். இரண்டுக்கும் நடுவில் சமரசம் செய்பவன் காதையும் இழப்பான், உயிரையும் பணயம் வைப்பான்.

கடைக்காரர்களிடம் ஒரு கோரிக்கை: மூன்று அளவு ரப்பரை ஒரு கிண்ணத்தில் வையுங்கள், துடைக்க ஸ்பிரிட்டும் பஞ்சும் வையுங்கள், போட்டுப் பார்க்கவிடுங்கள். உங்களுக்கு ஆகும் செலவு ஒரு நாள் தேநீர்க் காசு. வளைகுடாவிலிருந்தும் கனடாவிலிருந்தும் தம்பிக்கு இயர்பட்ஸ் அனுப்புகிற அக்காமாருக்கும் ஒரு வார்த்தை. பயணப்பையில் இடம் போதாதென்று பெட்டியை எறிந்துவிட்டுக் கருவியை மட்டும் மடித்து வைக்காதீர்கள். அந்தப் பெட்டியின் அடியில், சிறிய பொலித்தீன் பையில்தான் மற்ற இரண்டு சோடியும் இருக்கின்றன.