சிப்பியும் கடல்கோளும்

கடலுக்கு வெகுதொலைவிலுள்ள ஒரு சிற்றூரில் யாரோ ஒரு சிப்பியைக் கண்டெடுக்கிறார். அடுத்த வாரமே ஒரு கட்டுரை வந்துவிடுகிறது: 'கடல்கோளுக்குச் சான்று கிடைத்துவிட்டது!' இத்தகைய கட்டுரைகளை நாமும் ஒருகாலத்தில் சிலிர்ப்போடு வாசித்தவர்கள்தாம். இன்று எஞ்சியிருப்பது எரிச்சல் மட்டுமே. கேட்டிருக்க வேண்டிய முதற்கேள்வியை எவரும் கேட்பதில்லை: அது புதைபடிவமா, அண்மைக்காலத்துச் சிப்பியா?

சிப்பி உள்நாட்டுக்கு வரக் கடல் பொங்க வேண்டியதில்லை, மனிதர் போதும். நொய்யல் கரையிலுள்ள கொடுமணல் அகழாய்வில் சங்கு வளையல்கள் கிடைத்தன. அந்தச் சங்கு கடற்கரையிலிருந்து வணிகத்தில் வந்தது. பல்லாங்குழிக்குச் சோழி, காளவாய்க்குக் கிளிஞ்சல், கோழித்தீவனத்துக்குச் சிப்பித்தூள் என அந்த வரத்து நிற்கவேயில்லை. நம் ஏரிகளிலும் ஆறுகளிலும் நன்னீர் மட்டிகள் வேறு வாழ்கின்றன.

மெய்யாகவே கடல் விட்டுச்சென்ற மிச்சத்தைக் காண அரியலூருக்குத்தான் போக வேண்டும். அங்குள்ள அம்மோனைட்டுகளையும் சிப்பிகளையும் 19ஆம் நூற்றாண்டிலேயே ஸ்டொலிச்கா விரிவாக ஆராய்ந்து எழுதினார். அவை கிரெட்டேசியக் காலத்தவை. அக்காலம் முடிந்தே 6.6 கோடி ஆண்டுகள் ஆகின்றன. நம் மனித இனம் தோன்றி ஏறத்தாழ 3 லட்சம் ஆண்டுகள்தாம். அந்தக் கடலைக் கண்டு பாடிய புலவர் எவருமில்லை.

இரண்டையும் பிரித்தறிவது எப்படி? நிறமும் மினுமினுப்பும் மாறாமல், எடை குறைந்து, உள்ளே வெறுமையாக இருந்தால் பெரும்பாலும் அண்மைக்காலத்தது. நிறமிழந்து, கனத்து, உள்ளே கல் இறுகியிருந்தால் பெரும்பாலும் படிவம். 'பெரும்பாலும்' என்ற சொல்லைக் கவனிக்கவும். வெயிலில் வெளுத்த புதுச்சிப்பியும் பழையதுபோலத் தோன்றும். எலுமிச்சைச்சாறு பட்டு நுரைப்பதும் எதையும் நிறுவாது. சுண்ணாம்புச்சத்துள்ள புதியதும் நுரைக்கும், பழையதும் நுரைக்கும். தீர்ப்புச் சொல்வது கிடைத்த இடமும் மண்ணடுக்கும். பாறையில் பதிந்திருந்ததா, மேல்மண்ணில் கிடந்ததா, சாலைக்குக் கொட்டிய சரளையோடு வந்ததா? இதைக் குறிக்காமல் எடுத்து வந்தவரிடம் இருப்பது அழகிய பொருள்; சான்று அன்று.

கடல்கோள் பற்றிய இலக்கிய மரபை நாம் மறுக்கவில்லை. இறையனார் அகப்பொருள் உரையை உரையாகவே வாசிப்போம். ஆனால் ஓர் ஏட்டுச்சுவடி எங்கிருந்து வந்தது, எவர் படியெடுத்தது என்று கேளாமல் பாடம் கொள்ளாத நாம், சிப்பிக்கு மட்டும் அந்த நெறியைத் தளர்த்துவானேன்? நாம் இல்லாத சான்றுக்கு ஆரவாரிக்கும்போது, அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லோடு இருக்கும் சான்றும் சிமெண்ட் ஆலைகளுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. அதற்காக ஒரு கட்டுரையேனும் எழுதியிருக்கிறோமா?