குனிந்து நடக்க வேண்டாம், மகளே!



எங்கள் ஊர்களில் ஒரு பெண்பிள்ளை கொஞ்சம் உயரமாக வளர்ந்துவிட்டால் வீட்டில் கவலை தொடங்கிவிடும். "இவளுக்கு எங்கே போய் மாப்பிள்ளை தேடுவது?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். சந்தியில் நிற்கும் பொடியன்கள் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். பிள்ளையும் மெல்ல மெல்லத் தோளைக் குறுக்கி, குனிந்து நடக்கப் பழகிவிடுவாள். உயரம் மட்டுமல்ல. நிறம், ஊனம், தகப்பன் இல்லாத வீடு, முகாமில் இருந்த கதை என்று மறைத்து வைக்கும்படி எங்கள் பெண்பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கப்படுபவை பல. இந்த மாதம், மறைக்க வேண்டியது என்று ஊர் நினைத்த ஒன்றைக் கொண்டே உலக அரங்கில் நின்ற எங்கள் மண்ணின் பெண் ஒருவரைப் பற்றி எழுத விரும்புகிறேன்.

அவர் பெயர் தர்ஜினி சிவலிங்கம். வலிகாமத்தில் புன்னாலைக்கட்டுவனை அண்டிய ஈவினையில் 1979ஆம் ஆண்டு பிறந்தவர். உயரம் 208 சென்ரிமீற்றர், அதாவது ஏறக்குறைய ஆறடி பத்து அங்குலம். அவருக்குப் பதினாறு வயதாக இருந்தபோதுதான் 1995இல் வலிகாமமே இரவோடிரவாக இடம்பெயர்ந்தது. அந்த நாட்களை உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அப்படிப்பட்ட காலத்தில் வளர்ந்த அவர், பின்னர் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படித்து, வலைப்பந்தாட்டத்தில் இலங்கைத் தேசிய அணி வரை சென்றார். தன் உயரத்துக்காகக் கேலிக்கு ஆளானதை நேர்காணல்களில் அவரே மனந்திறந்து கூறியிருக்கிறார்.

வலைப்பந்தாட்டம் எங்களுக்குப் புதிய விளையாட்டு அல்ல. உங்களில் பலர் பள்ளி நாட்களில் விளையாடியிருப்பீர்கள். இரண்டு கம்பங்களும் ஒரு பந்தும் இருந்தால் போதும். ஒரு அணியில் ஏழு பேர். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓட முடியாது, மூன்று விநாடிக்குள் அடுத்தவரிடம் எறிய வேண்டும். வளையம் 3.05 மீற்றர் உயரத்தில் இருக்கும். அணியில் இரண்டு பேர் மட்டுமே கோல் போடலாம். தர்ஜினி விளையாடியது வளையத்துக்குக் கீழே நின்று கோல் போடும் இடத்தில்.

இந்த விதிகளைச் சும்மா சொல்லவில்லை. கோல் போடுபவர் தன் பகுதியை விட்டு நடுவுக்கு வந்து பந்தை எடுக்க முடியாது. மற்றவர்கள் கைக்குக் கை மாற்றிப் பந்தை அவரிடம் கொண்டு வர வேண்டும். தர்ஜினியின் அணியில் பெரும்பாலானவர்கள் சிங்களச் சகோதரிகள். அவர்கள் பந்தை எறியாவிட்டால் தர்ஜினியின் உயரத்தால் பயனில்லை. தர்ஜினி அங்கே நிற்காவிட்டால் அவர்களுடைய ஓட்டத்தால் பயனில்லை. ஒருவரைச் சேர்த்துக்கொள்வது தயவு காட்டுவது என்று பலர் நினைக்கிறார்கள். இந்த அணியில் யாரும் யாருக்கும் தயவு காட்டவில்லை. ஒருவர் இல்லாமல் மற்றவருக்கு வெற்றி இல்லை, அவ்வளவுதான்.

2009ஆம் ஆண்டை நாங்கள் எப்படி நினைவு வைத்திருக்கிறோம் என்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் உறவுகள் செட்டிகுளம் முகாம்களில் முட்கம்பிக்குப் பின்னால் இருந்த ஆண்டு அது. அதே ஆண்டில் மலேசியாவில் நடந்த ஆசிய வலைப்பந்தாட்டப் போட்டியில் இலங்கை வெற்றிக் கிண்ணத்தைப் பெற்றது. வளையத்தின் கீழ் நின்றவர் ஈவினைப் பெண். நாடே அவரைப் புகழ்ந்தது. ஒரு கிண்ணம் காணாமற்போன பிள்ளையைத் தேடித் தராது, பிடிபட்ட காணியைத் திருப்பித் தராது. அதைப் பார்த்து எல்லாம் சரியாகிவிட்டது என்று யாராவது சொன்னால் நாங்கள் ஏற்க வேண்டியதும் இல்லை. ஆனாலும் அந்த ஆண்டிலே, தன் பெயரை மாற்றாமல், தான் எந்த ஊர் என்பதை மறைக்காமல், ஒரு தமிழ்ப் பெண் அந்த இடத்தில் நிமிர்ந்து நின்றார் என்பதையும் எங்கள் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும்.

அதன் பின்னரும் அவர் நிற்கவில்லை. 2011இல் சிங்கப்பூரில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியில் சிறந்த கோல் போடுபவர் என்ற விருதைப் பெற்றார். தேசிய அணியின் தலைவியாகவும் இருந்தார். அவுஸ்திரேலியாவில் மெல்பேண் நகரக் கழகமொன்றுக்காகவும் விளையாடினார். 2018இல் சிங்கப்பூரில் இலங்கை மீண்டும் ஆசிய வெற்றிக் கிண்ணத்தைப் பெற்றபோது அவருக்கு வயது 39. அடுத்த ஆண்டு இங்கிலாந்தின் லிவர்பூலில் நடந்த உலகக் கிண்ணத்தில் 16 நாடுகள் கலந்துகொண்டன. இலங்கைக்குக் கிடைத்தது பின்வரிசை இடம்தான். ஆனால் அந்தப் போட்டி முழுவதிலும் ஆகக்கூடிய கோல்களைப் போட்டவர் தர்ஜினி, 348 கோல்கள். 2023இல் தென்னாபிரிக்காவின் கேப்ரவுனில் உலகக் கிண்ணத்தில் விளையாடியபோது அவருக்கு வயது 44. "நாற்பதோடு எங்கள் வாழ்க்கை முடிந்துவிட்டது" என்று சொல்லும் சகோதரிகள் இதைக் கொஞ்சம் யோசியுங்கள்.

விளையாட்டில் எங்கள் மண்ணுக்குப் பழைய பெருமை உண்டு. யாழ். மத்திய கல்லூரியின் மாணவர் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1958இல் ரோக்கியோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் உயரம் பாய்தலில் தங்கப் பதக்கம் பெற்றார். ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் இலங்கைக்குக் கிடைத்த முதல் தங்கம் அது. எங்கள் பெண்பிள்ளைகளின் பெயர்கள் அப்படி ஒலிப்பதற்கு இன்னும் அரை நூற்றாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. தர்ஜினிக்குப் பின்னர் எழிலேந்தினி சேதுகாவலர் தேசிய வலைப்பந்தாட்ட அணியில் இடம்பிடித்தார். தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியின் மாணவி அனித்தா ஜெகதீஸ்வரன் கோலூன்றிப் பாய்தலில் தேசிய சாதனையைப் பல தடவை புதுப்பித்தார். முதலாவது ஆள் கதவைத் திறந்தால் அடுத்தவர் உள்ளே வருவது இலகுவாகிறது.

கடல் கடந்தும் இப்படி ஒரு கதை உண்டு. அமெரிக்காவின் ரென்னசி மாநிலத்தில் 1940இல் ஒரு ஏழைக் கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தவர் வில்மா ருடோல்ஃப். குழந்தையாக இருந்தபோது போலியோ வந்து ஒரு கால் பலவீனமானது. அக்காலத்தில் அங்கே வெள்ளையருக்கு வேறு ஆஸ்பத்திரி, கறுப்பருக்கு வேறு ஆஸ்பத்திரி. கறுப்பரைப் பார்க்கும் ஆஸ்பத்திரி நாஷ்வில் நகரில், ஏறக்குறைய 80 கிலோமீற்றர் தூரத்தில் இருந்தது. வீட்டு வேலை செய்து பிழைத்த தாய், பிள்ளையைப் பஸ்ஸில் அங்கே கொண்டுபோய்க் கொண்டுவந்தார். வீட்டில் சகோதரங்கள் முறை வைத்து அந்தக் காலைப் பிடித்துவிட்டார்கள். காலில் இரும்புச் சட்டம் போட்டு நடந்த அந்தப் பிள்ளை 1960இல் ரோம் ஒலிம்பிக்கில் மூன்று தங்கப் பதக்கங்களை வென்றது.

அதைவிட எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு நடந்ததுதான். அவருடைய ஊரான கிளாக்ஸ்வில் வரவேற்பு ஊர்வலம் ஒன்றை ஏற்பாடு செய்தது. வழக்கம்போல வெள்ளையர் வேறு, கறுப்பர் வேறு என்றால் நான் வரமாட்டேன் என்று வில்மா சொல்லிவிட்டார். இரு சாராரும் ஒன்றாகக் கூடிய முதலாவது நிகழ்ச்சியாக அந்த ஊரின் வரலாற்றில் அது அமைந்தது. தனக்குக் கிடைத்த மதிப்பை அவர் தன்னோடு வைத்துக்கொள்ளவில்லை, தன் சனத்துக்கும் வாசலைத் திறந்துவிட்டார். அந்தத் தாயின் பஸ் பயணம் இல்லாவிட்டால் அந்த ஊர்வலமும் இல்லை என்பதை மறக்கக்கூடாது.

ஆகவேதான் இதைத் தாய்மாருக்கு எழுதுகிறேன். மாதர் சங்கக் கூட்டமொன்றில் ஒரு தாய் என்னிடம் சொன்னார்: "அக்கா, அவளுக்கு விளையாட்டிலே நல்ல விருப்பம். பெரியபிள்ளையான பிறகு நிப்பாட்டிப்போட்டன். தகப்பனும் இல்லை, பொழுதுபட்டு வந்தால் சனம் என்ன கதைக்கும்?" அந்தப் பயத்தை நான் குறைத்து மதிப்பிடமாட்டேன். ஆண் துணையில்லாத வீட்டின் மீது ஊரின் கண் எப்படி விழும் என்பது எங்களுக்குத் தெரியும். ஆனால் அந்தப் பயத்துக்குப் பதில் பிள்ளையை வீட்டில் இருத்துவது அல்ல. ஒரே பக்கம் போகும் மூன்று நான்கு பிள்ளைகளின் தாய்மார் சேர்ந்து, முறை வைத்துக் கூட்டிவரலாம். பயிற்சி கொடுப்பவர் யார், வெளியூர்ப் போட்டிக்குப் போகும்போது பெண் ஆசிரியர் கூட வருகிறாரா என்று பாடசாலையில் கேட்க ஒவ்வொரு தாய்க்கும் உரிமை உண்டு. உடுப்புத்தான் பிரச்சினை என்றால், நீளக் காற்சட்டை போட்டுப் பழகலாமா என்று ஆசிரியருடன் கதையுங்கள்.

போட்டிச் சான்றிதழ்களை அடையாள அட்டையைப் போலப் பத்திரப்படுத்துங்கள். விளையாட்டில் விசேட திறமை காட்டியவர்களுக்குப் பல்கலைக்கழக அனுமதியில் தனி ஏற்பாடு உண்டு. வங்கிகளும் நிறுவனங்களும் தங்கள் அணிகளுக்காக வீராங்கனைகளை வேலைக்குச் சேர்ப்பதுண்டு. சீதனம் சேர்க்க முடியாத வீட்டுக்கு அந்தச் சான்றிதழும் ஒரு முதல்.

எங்கள் எல்லாப் பிள்ளைகளும் தர்ஜினி ஆகப் போவதில்லை. ஆக வேண்டியதும் இல்லை. பின்னேரம் ஒரு மணித்தியாலம் மற்றப் பிள்ளைகளோடு ஓடி, விழுந்து, சிரித்து, வியர்வையோடு வீடு வந்தால் அதுவே பெரிய காரியம். தோற்றால் அழுதுவிட்டு மறுநாள் திரும்பப் போகப் பழகுவாள். நாங்கள் கண்ட வாழ்க்கையை நினைத்துப் பார்த்தால், பெண்பிள்ளைக்கு அதைவிட வேண்டிய படிப்பு எது?

உங்கள் வீட்டிலோ அயலிலோ குனிந்து நடக்கும் பிள்ளை இருந்தால், இன்றைக்கே கூப்பிட்டுத் தர்ஜினியின் கதையைச் சொல்லுங்கள். நாளைக்கு அவளைப் பாடசாலை மைதானம் வரை நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள்.