கணவரை வெளியே நிற்கச் சொல்லுங்கள்

வழுக்கி விழுந்ததாக ஒரு பெண்ணின் சீட்டில் எழுதப்படும் எலும்பு முறிவு முன்கையின் வெளிப்புறத்தில் இருந்தால், அது அடியைத் தடுத்த கையாக இருக்கலாம் என்று மருத்துவருக்குத் தோன்றாமலா இருக்கும்? ஆனாலும் மாவுக்கட்டோடு வேலை முடிந்துவிடுகிறது. மும்பை பாந்த்ராவின் கே.பி. பாபா மருத்துவமனையில் 2000-இல் மாநகராட்சியும் செஹாத் அமைப்பும் தொடங்கிய 'திலாசா' பிரிவு வேறு வழி காட்டியது: சந்தேகம் வந்தால் ஊழியர்கள் தனியே விசாரிக்கலாம், ஆலோசகர் அதே வளாகத்தில் இருப்பார். காவல் நிலையப் படியேறத் தயங்குபவரும் ஆஸ்பத்திரிக்கு வருவார் அல்லவா? நெரிசலில் இதற்கு ஏது நேரம் என்பார்கள். எல்லாரையும் கேட்கச் சொல்லவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2013 வழிகாட்டுதலும் அறிகுறி தெரிந்தால் கேட்கத்தான் சொல்கிறது. குடும்பம் கலைந்துவிடும் என்பது இன்னொரு வாதம் (அடிவாங்கியபோது கலையாததா!). புகாரா, வீடு திரும்புவதா என்பது அந்தப் பெண்ணின் முடிவு. அதுவரை காயக் குறிப்பைத் தெளிவாக எழுதி வைத்தால், பின்னாளில் அவர் நீதிமன்றம் போனால் கைகொடுக்கும்.