மின்சாரக் காரும் சுதேசியமும்

பெட்ரோல் யந்திரமானது எண்ணெயின் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை உஷ்ணமாக விரயம் செய்கிறது. மின்சார மோட்டாரோ பெற்ற சக்தியில் பத்தில் ஒன்பது பங்கை வேலையாக்குகிறது. செங்கற்பட்டு ஜில்லாவில் மஹிந்திரா ஆராய்ச்சி நிலையத்தார் வகுத்த மின்சாரக் கார்கள் 2024-ல் வெளிவந்தன. அதே ஜில்லாவின் மறைமலை நகரில் 2029 முதல் எண்ணெய் யந்திரங்கள் செய்யப்போவதாக போர்டு கம்பெனியார் 2025-ல் அறிவித்தனர். இவ்விரண்டில் தேசத்துக்கு உகந்தது மின்சாரமே.

ஆனால் மின்கலங்களும் மோட்டார்க் காந்தங்களும் பெரும்பாலும் சீனத்திலிருந்தே வருகின்றன. 2025 ஏப்ரலில் சீனா காந்த ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியதும் நமது தொழிற்சாலைகள் திகைத்தன. எண்ணெய்க்கு அன்னியர் வாசலில் நிற்கும் நாம் காந்தத்துக்கு மற்றொரு வாசலில் நிற்பதோ? மாமல்லபுரத்தை அடுத்த கல்பாக்கத்தில் 1983-லேயே அணு உலையை இயக்கிய நம்மவர்க்கு இது அசாத்தியமன்று. காந்தத்துக்குரிய தாது குமரிக்கரை மணலில் உண்டு. கரையோர மக்களுக்கு ஊறின்றி அதைக் காந்தமாக்கும் ஆலைகளைச் சர்க்கார் தாமதியாது நிறுவுக!